பாடை திரும்பாத படிக்கட்டு

போன மாதம் ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். இருபத்துமூன்று வயதிருக்கலாம். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "ஐயா, வீடு எப்படி இருக்குன்னு ஒரு சர்வே. பத்து நிமிஷந்தான்" என்றாள். உட்காரச் சொன்னேன். என் வீட்டம்மா ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வரிசையாகக் கேட்டாள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், கரண்ட் உண்டா, கழிப்பறை உண்டா, தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது. கடைசியில், வீட்டின் தரம் மிக நன்று, நன்று, சுமார், சரியில்லை, இந்த நாலில் எது?

"படிக்கட்டப் பத்திக் கேள்வி ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இல்லைங்கய்யா. ஆப்புல அது வரல."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், மாலைக்குள் நாற்பது வீடு முடிக்க வேண்டும் என்றாள். பாவம். 'சுமார்' என்று போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் இறங்கிப்போன பிறகு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அந்த ஆப்பில் வராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த ஊர்க் குடியிருப்பு, யார் கட்டியது என்று கேட்காதீர்கள். நாளைக்கும் இதே வீட்டில்தான் நான் குடியிருக்க வேண்டும்.

என் சொந்த ஊர் ஆலங்குளம். உடனே தென்காசிப் பக்கம் போய்விடாதீர்கள். அது வேறு ஆலங்குளம். எங்களுடையது ராஜபாளையத்துக்கும் சிவகாசிக்கும் இடையில், சுண்ணாம்புக் கல் பூமி. 1970-ல் அரசாங்கம் அங்கே சிமெண்ட் ஆலை வைத்தது. எங்கள் அப்பா அந்த ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். ராத்திரி வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். நான் படிப்பு ஏறாமல் பதினாறு வயதில் சித்தாளாகப் பாண்டு தூக்கப் போய், பிறகு கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனேன். ஆக, சிமெண்ட் எப்படிப் பிறக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், எப்படிச் சுவராகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டைப் பார்த்து நல்ல வீடா இல்லையா என்று சொல்ல எனக்குப் படிவம் வேண்டாம். வாசலில் நின்று சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

வேலைக்காக ஊரைவிட்டு வந்து பக்கத்து நகரத்தில் கண்மாய்க் கரைப் புறம்போக்கில் இருபது வருடம் இருந்தோம். ஓலைக்கூரை தகரமாயிற்று, தகரம் ஓடாயிற்று. நானே கட்டினேன். வாசலில் ஒரு திண்ணை, பின்னால் ஒரு வேம்பு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கக்கூசுக்குக் கருவேலங்காடுதான். அது சொர்க்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், இடித்தார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீட்டைக் கொடுத்தார்கள். பங்குத்தொகை கட்டுவதற்கு என் வீட்டம்மா கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். சாவி வாங்கிய அன்று அவள் முதலில் போய்த் திறந்தது கக்கூஸ் கதவை. உள்ளே நின்று குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். ராத்திரி இருட்டில் மகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்க் காவல் நின்ற தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் நன்றி சொல்லிவிட்டோம் என்பதற்காக நாக்கையும் அடகு வைத்துவிட முடியாது.

அம்மா எங்களோடு இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு எழுபத்தெட்டு வயது. அன்றைக்கு ஏறியவள்தான். முட்டி வலி. அதன்பின் இரண்டு வருஷத்தில் அவள் தரையில் கால் வைத்தது நான்கே தடவை, நான்கும் ஆஸ்பத்திரிக்கு. கண்மாய்க் கரையில் இருந்தபோது வாசலில் உட்கார்ந்து போகிறவள் வருகிறவளையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் பேசுவாள். இங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் சேர் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் திறப்பது தெருவைப் பார்த்தல்ல, நடையைப் பார்த்து. நடுவில் நடை, இரண்டு பக்கமும் வீடு. எங்கள் ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டு ஜன்னல். அவர்களும் பெண்பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள், நாங்களும் வைத்திருக்கிறவர்கள். இரண்டு வீட்டிலும் ஜன்னலைச் சாத்தித் திரை போட்டாயிற்று. நடையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் பல்பு எரிய வேண்டும். அந்தப் பல்பு எரிந்து போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா அந்தச் சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கார்த்திகை மாதம் விடிகாலை போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் பக்கம் சாவு என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கோடித்துணி கொண்டுவருவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழ வேண்டும். நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்ட வேண்டும். இதெல்லாம் பத்தடிக்கு ஒன்பதடிக் கூடத்தில் எங்கே நடக்கும்? கீழே கொண்டுபோய்விடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாடையை மேலே கொண்டுவந்தார்கள். முதல் திருப்பம் வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கைப்பிடிக்கு வெளியே நீட்டிப் பார்த்தார்கள். திரும்பவில்லை.

எங்கள் மதினி ஒருத்தி, "கட்டில்லயாவது வச்சுத் தூக்குங்கய்யா" என்று கத்தினாள். கட்டிலும் அதே நீளந்தானே.

கடைசியில் பக்கத்து வீட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் சேரை வாங்கி வந்தோம். அம்மாவை அதில் உட்கார வைத்து, அவள் சேலையாலேயே இடுப்பையும் நெஞ்சையும் சேர்த்துக் கட்டினோம். நான் பின்னால், தம்பி முன்னால். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடமில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினோம். தலை ஆடி ஆடி என் தோளில் வந்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சேரின் கால் சுவரில் உரசி, ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சு உதிர்ந்தது. அந்த நேரத்திலும், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, என் கண் அந்த உதிர்ந்த பூச்சில் போய் நின்றது. சிமெண்ட் இல்லை. வெறும் மணல்.

கீழே பைக்குகளை ஒதுக்கிவிட்டு, சாக்கடை மேன்ஹோலுக்குப் பக்கத்தில் வைத்து அவளைக் குளிப்பாட்டினோம்.

பதினாறு கழிந்த மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். படிக்கட்டின் அகலம் மூணேகால் அடி. திருப்பத்துத் தளமும் மூணேகால் அடி. ஆள் படுக்கிற அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள எதுவும் படுத்த வாக்கில் அங்கே திரும்பாது. இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதே அளவுள்ள ஒரு பலகையை வைத்துத் திருப்பிப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்லிவிடுவான். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரும் திரும்பாது, பீரோவும் திரும்பாது. வரைபடம் போட்டவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. படிக்கட்டுக்கு இரண்டடி கூடக் கொடுத்தால் ஒரு பிளாக்கில் எத்தனை வீடு குறையும் என்று பார்த்திருப்பார். 'எத்தனை வீடு' என்பது அறிக்கையில் வரும். எத்தனை பேரை நாற்காலியில் கட்டி இறக்கினார்கள் என்பது எந்த அறிக்கையில் வரும்?

இந்த 'எத்தனை வீடு' கணக்குதான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே அதற்குச் சட்டமும் போட்டார்கள். ஆரம்பத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி எழுப்பி அதே சனங்களுக்குக் கொடுத்தார்கள். பிழைப்பு பக்கத்திலேயே இருந்தது. பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழையின் முகவரி மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2000-க்குப் பிறகு சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர் என்று ஒன்று வந்தது, 15,656 வீடு. அப்புறம் பெரும்பாக்கம்; 23,864 வீடு, எட்டு எட்டு மாடியாக. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்தவர்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இறக்கிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பக்கம். ஆற்றங்கரைக்காரனைச் சதுப்பில் குடிவைப்பது எந்த ஊர் நியாயம்?

சென்ட்ரிங் வேலைக்குப் போனபோது பெரும்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் தங்கியிருக்கிறேன். லிப்ட் நின்றுபோனால் ஆறாம் மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிற கர்ப்பிணியைப் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மாதச் சம்பளம் வாங்கிய பெண்கள், போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறதே என்று வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வீடு கிடைத்தது, பிழைப்பு போயிற்று. கண்ணகி நகரில் 2020-ல் சுவர்கள் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தங்கள் தெரு மேல் ஒரு பெருமையும் வந்திருக்கிறது. ஆனால் கொத்தனார் புத்தி போகுமா? ஓவியத்துக்கு முன்னால் நின்று, இந்தச் சுவருக்கு உள்பக்கம் ஓதம் ஏறியிருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பூச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்கா அடுக்குமாடியில், கே.பி. பார்க் என்பார்களே, சனங்கள் விரலால் சுரண்டியபோது சுவரின் பூச்சு பொலபொலவென்று கொட்டியதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தீர்கள். ஒன்பது மாடி, புதுக் கட்டடம். கொரோனா நேரத்தில் நோயாளிகளை அங்கே வைத்திருந்தார்கள், அதற்கப்புறம்தான் குடும்பங்கள் வந்தன. ஒரு குழந்தை விளையாட்டாய்ச் சுரண்டினாலே சுவர் உதிர்கிறது. ஐ.ஐ.டி. வந்து பார்த்தது, பூச்சு தரமில்லை என்றது. இரண்டு பொறியாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தச் சனங்களிடம்தான் வீட்டுக்கு ஒன்றரை லட்சம் பங்குத்தொகை கேட்டிருந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் அரசாங்கம் ஒரு புதுச் சிமெண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் என்ன தெரியுமா? 'வலிமை'. எங்கள் ஊர் ஆலை எந்தக் கழகத்துக்குச் சொந்தமோ அதே கழகத்தின் சிமெண்ட். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார். அவர் முதுகில் சுமந்த ஒவ்வொரு மூட்டையும் யாரோ ஒருவருடைய வீடாகும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. இதே மாதிரிக் குடியிருப்பு ஒன்றில் நானே பூச்சு வேலை பார்த்திருக்கிறேன். வேலை எடுத்தவர் ஒருவர்; அவரிடமிருந்து வாங்கியவர் இன்னொருவர்; அவரிடமிருந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வாங்கியது எங்கள் மேஸ்திரி. மேலே இருந்து இறங்கி வரும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, எங்கள் பாண்டுக்கு வரும்போது பாதி. உள்சுவருக்கு ஒன்றுக்கு ஐந்து கலக்க வேண்டும், மேல்தளத்துக்கு ஒன்றுக்கு மூன்று. நாங்கள் கலந்தது ஒன்றுக்கு ஒன்பதோ பத்தோ. கான்கிரீட் சுவராக இருந்தால் முதலில் கொத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சாந்து பிடிக்காது. கொத்திவிட நேரம் கொடுக்கவில்லை. பூசிய பிறகு ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். "தண்ணி லாரிக்கு யாருய்யா காசு குடுப்பா? மணியாசுக்கட்டையப் போட்டுத் தேச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போ" என்றார் மேஸ்திரி. போனேன். வாரக்கூலி வேண்டுமே. என் கையால் பூசிய அந்தச் சுவர்களுக்குள் யார் யாரோ இன்றைக்குக் குடியிருக்கிறார்கள். என் வீட்டுச் சுவரைப் பூசியவனும் என்னை மாதிரி ஒருவனாகத்தான் இருப்பான். அவனை நான் திட்ட முடியவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் என் முகம்தான் ஞாபகம் வருகிறது.

அதற்காகக் கூலிக்காரன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போக முடியுமா? 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுள்ள ஒரு பிளாக் அப்படியே உட்கார்ந்தது. 1993-ல் கட்டியது. வயது முப்பதுகூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டு முன்னாடியே வெளியே வந்ததால் உயிர் தப்பினார்கள். ஆலங்குளத்தில் எங்கள் தாத்தா சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மச்சு வீடு இன்றைக்கும் நிற்கிறது. ஏழைக்குக் கட்டுகிற வீட்டுக்கு மட்டும் என்ன ஆயுள் குறைச்சல்?

இப்போது வேலைக்கு வருகிறேன். எங்கள் ஜில்லாவில் பெண்கள் கை சும்மா இருக்காது. என் வீட்டம்மா சின்னப்பிள்ளையில் தீப்பெட்டி ஒட்டினவள். பிறகு வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினாள். மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும். வீட்டு வாசலில் நாலு பேர் வட்டமாய் உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே குரோஸ் குரோஸாகச் சுற்றித் தள்ளுவார்கள். சுற்றியதை வெயிலில் காயவைக்க வேண்டும். எங்கள் ஊரில் பஞ்சமில்லாமல் கிடைப்பது வெயில் ஒன்றுதான். அந்த வெயிலும் இந்த வீட்டுக்குள் வருவதில்லை. மொட்டைமாடியில் காயவைக்கலாம் என்றால் அங்கே பூட்டு. தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம், யாரும் ஏறக் கூடாதாம். நடையில் பரப்பினால் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்; அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கதவைத் திறந்தால் கால் வைக்க இடம் வேண்டாமா? வடாம், வற்றல், மிளகாய், துவைத்த சேலை எதற்கும் வெயில் கிடையாது. ஈரச் சேலையை மின்விசிறிக்கு அடியில் கட்டிக் காயவைக்கிறோம், விருதுநகர் ஜில்லாவில்! கேட்டால் சிரிப்பீர்கள். குழாய் சுற்றி மாதம் கையில் வந்துகொண்டிருந்த காசு நின்றுவிட்டது. இத்தனைக்கும் கடைசி மாடியில் இருக்கிறவர்கள் வெயிலில் வேகிறார்கள். தளத்துக்கு மேல் தட்டோடு பதிக்கவில்லை. சித்திரையில் ராத்திரி ஒரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. வெயில் வேண்டிய இடத்தில் வராது, வேண்டாத இடத்தில் இறங்கும். ஒரே கட்டடத்தில் இரண்டு கொடுமை.

இதைவிட என் அடிவயிற்றைக் கலக்குவது வேறு. எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைக்குள் போயிருக்கிறீர்களா? ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு நிற்கும். மருந்து வைத்து வேலை செய்யும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவு ஒரு பக்கம் மட்டும் இருக்காது. வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி இருக்கும். ஓடுகிறவன் கால் எதிலும் இடறக் கூடாது. விதி அது. அந்த விதியைக் காற்றில் விட்ட இடங்களில்தான் கொத்துக் கொத்தாகச் சாவு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். அந்தப் பிணங்களைப் பார்த்த ஊர்க்காரன் நான். தீ எப்படி ஓடும், புகை எப்படி ஏறும் என்று எங்கள் பக்கத்துக் கைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: பேன்சி வெடிக்குக் கட்டுகிற அறைக்கு இருக்கிற வாசல் கணக்கு எங்கள் அடுக்குமாடிக்கு இல்லை. ஒரு பிளாக்குக்கு ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்கு அடியில் கரண்ட் மீட்டர் போர்டு முழுவதும். போர்டைச் சுற்றி பைக்குகள், ஒவ்வொன்றிலும் பெட்ரோல். தீப்பிடித்தால் புகை ஏறும் வழியும் நாங்கள் இறங்கும் வழியும் ஒன்றே.

லண்டனில் கிரென்பெல் டவர் என்று ஒன்று இருந்தது. நம் வாரியக் குடியிருப்பு மாதிரி, ஏழைபாழைகளுக்கு உள்ளாட்சி கொடுத்த 24 மாடி வீடு. அதற்கும் ஒரே படிக்கட்டு. 2017 ஜூன் 14 ராத்திரி ஒரு சமையலறை பிரிட்ஜில் பிடித்த தீ, கட்டடத்துக்கு வெளியே அழகுக்காக ஒட்டிய தகட்டு வழியாக மேலே ஏறி 72 பேரைக் கொன்றது. குடியிருந்தவர்கள் அதற்கு முந்தின வருஷமே, ஒரு பெரிய சாவு விழுந்தால்தான் எங்கள் பேச்சு உங்கள் காதில் ஏறுமா என்று எழுதியிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. விசாரணை ஏழு வருஷம் நடந்தது. 2024-ல் கடைசி அறிக்கை வந்தபோது, செத்த அத்தனை பேரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நீதிபதி எழுதினார். கோடீஸ்வர நகரத்தின் நடுவில் இருந்தவனுக்கே அந்தக் கதி என்றால், ஊருக்கு வெளியே, தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிஷம் ஆகிற இடத்தில் இருக்கிற நாங்கள் எம்மாத்திரம்?

எங்கள் மீட்டர் போர்டைப் பற்றி மூன்று மனு கொடுத்திருக்கிறேன். மூன்றாவதுக்குப் பதில் வந்தது: கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. முதல் தடவை மனுவோடு ஆபீசுக்கு நேரில் போனபோது அங்கிருந்தவர், "பெரியவரே, குடிசைல இருந்தப்ப எத்தனை படிக்கட்டு இருந்துச்சு உமக்கு?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வரும் வழியில்தான் வந்தது. குடிசையில் படிக்கட்டே வேண்டியிருக்கவில்லை சார், நாலு பக்கமும் மண்ணுதான்.

இதையெல்லாம் சொன்னால், காசுக்கு எங்கே போவது, கொடுத்த பணத்தில் இவ்வளவுதான் முடியும் என்கிறார்கள். பிரதமர் திட்டம் தொடங்கியபோது அதில் ஏழைக்கு 30 சதுர மீட்டர் வரைக்கும்தான் வீடு என்றிருந்தது. சரி, இடம் குறைவு, பணமும் குறைவு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்த பணத்தில் வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள், அதுவும் இதே தமிழ்நாட்டில். 1977-ல் உலக வங்கிப் பணத்தில் சென்னை அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் வீடாகக் கட்டிக் கொடுக்காமல் மனையாகக் கொடுத்தார்கள். சின்னச் சின்ன மனை, ரோடு, தண்ணீர், சாக்கடை, கக்கூஸ். மிச்சத்தை அவரவர் கையில் காசு வரும்போது கட்டிக்கொண்டார்கள். முதலில் ஒரு அறை. மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு அறை. முன்னால் ஒரு பெட்டிக்கடை. அந்த வீடுகளில் நானே வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மனுஷன் இருக்கிற வாடை அடிக்கும். சிலி நாட்டில் இக்கிகே என்ற ஊரில் அலெஹாந்த்ரோ அரவேனா என்ற கட்டடக்கலைஞர் 2004 வாக்கில் இன்னொரு விதமாகச் செய்தார். பணம் பாதி வீட்டுக்குத்தான் போதும் என்றபோது மொத்த வீட்டையும் சுருக்கவில்லை. ஒரு நல்ல வீட்டின் பாதியை, படிக்கட்டு, கக்கூஸ், அடுப்படி, உறுதியான சுவர் என்று ஏழையால் தானாகச் செய்ய முடியாத பாதியைக் கட்டிக் கொடுத்தார். பக்கத்தில் காலி இடம் விட்டார். சனங்கள் மீதியைக் கட்டிக்கொண்டார்கள். 2016-ல் அவருக்குக் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கொத்தனார் யாரைக் கேட்டாலும் அந்த யோசனையைச் சும்மாவே சொல்லியிருப்பார். எங்கள் குடியிருப்பில் மட்டும் பதினோரு கொத்தனார் இருக்கிறோம். கம்பி கட்டுகிறவர் நாலு பேர், பெயிண்டர் ஆறு பேர், எலக்ட்ரீசியன் இரண்டு பேர். ஒரு கட்டடத்தை அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரைக்கும் எழுப்பத் தேவையான அத்தனை கையும் அதற்குள்ளேயே குடியிருக்கிறது. வரைபடம் போடும்போது எங்களில் ஒருவனைக் கூப்பிட்டு, "என்னப்பா, இது சரியா வருமா?" என்று யாரும் கேட்டதில்லை.

நான் கேட்பது மாளிகை இல்லை. பிளாக்குக்கு இரண்டாவதாக ஒரு படிக்கட்டு, திருப்பத்தில் ஆள் படுத்துத் திரும்புகிற அகலம். நடைக்கு ஒரு பக்கம் மட்டும் வீடு, மறுபக்கம் வெளிச்சம். மீட்டர் போர்டைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைக்க ஒரு மதில். மொட்டைமாடிச் சாவி எங்களிடம். சாவு விழுந்தால் கிடத்தவும் கல்யாணம் என்றால் பந்தி போடவும் தரைத்தளத்தில் ஒரு திறந்த கூடம். கூடத்தைச் சுற்றி ஒரு திண்ணை. ஒரு திண்ணைக்கு எவ்வளவு செங்கல் ஆகும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். கூலி வேண்டாம், நானே கட்டித் தருகிறேன்.

சர்வேக்கு வந்த பெண் இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாள். கைக்கு ஆதாரமாகச் சுவரைப் பிடித்தாள். அம்மாவின் சேர்க்கால் கீறிய இடம் அது. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கீறலை மூட எனக்கு ஒரு கரண்டி சாந்தும் அஞ்சு நிமிஷமும் போதும். மூடவில்லை. எங்கள் மாடியில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் நாலு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆறடி உயரம் அவர்.